பீட்சாவின் ஓரம்

மகளை மூன்றாவது முறையாகப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பீட்சா செய்து கொடுத்தவன் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதற்கு நான்கு நாள் முன்பு, புருஷன் ஊரான வில்லியனூரில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி எங்கள் பாகூரில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, இடுப்பில் ஏர் ஃப்ரையர். தலை தீபாவளிக்கு நான் வைத்த சீர் அது. எண்ணெய் இல்லாமலே பொரிக்குமாம், அங்கே ஆசைப்படுகிறார்கள் என்றாள். பெருமையாக வாங்கி வைத்தேன். "உங்க அப்பன் குடுத்தத நீயே தூக்கிக்கினு போ" என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். பஸ் ஜனமெல்லாம் பார்க்க, கைப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்திருக்கிறாள்.

அடித்தானா என்று கேட்டேன். இல்லை என்றாள். குடிக்கிறானா என்றேன். அதுவும் இல்லை. "அந்த வூட்ல நான் ஒரு ஆளே இல்லப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. அடியும் இல்லை, உதையும் இல்லை, இதற்குப் போய் ஒருத்தி பெட்டியைத் தூக்குவாளா என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நானே போன் போட்டு, ஞாயிறு நாலு மணிக்கு வந்து அழைத்துப்போகச் சொன்னேன். அன்று காலையில்தான் மகளிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நாலு நாளா ஒரு வாய் ஒழுங்கா துன்னல. நீ பாட்டுக்கு ஆள வரச்சொல்லிட்ட" என்றாள் என் மனைவி.

ஞாயிறானால் அந்த வீட்டில் பீட்சாதான் என்று மகள் எப்போதோ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்கு அதுதான் உயிர் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு கடலூர் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், ஐஸ் பெட்டியில் கல் மாதிரி கிடந்த ஒன்றை வாங்கி, உருகிவிடக் கூடாதென்று ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

"அந்த சனியன என் அடுப்பு மேடையில வெக்காத" என்றாள் மனைவி. ஏர் ஃப்ரையரைப் பின்கட்டில் மோட்டாருக்கு வைத்த பெரிய பிளக்கில் மாட்டித் தரையில் வைத்தேன். பீட்சா அதன் கூடையைவிடப் பெரிதாக இருந்தது. கத்தி இறங்கவில்லை. தேங்காய் உடைக்கிற கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். அடியில் காகிதம் போட்டு, சூடேறட்டும் என்று வெறுமனே ஓடவிட்டேன். கருகல் வாடை வந்தது.

உள்ளேயிருந்து மகள் எழுந்து வந்தாள். "மேல ஒண்ணும் வெக்காம பேப்பர் மட்டும் போடாதப்பா. காத்துல பறந்து மேல இருக்கிற சூட்டுக் கம்பியில ஒட்டிக்கும்" என்று உட்கார்ந்து, காகிதத்தை எடுத்து எறிந்துவிட்டு, பாதியை வைத்து நூற்றெண்பது டிகிரியில் எட்டு நிமிடத்துக்குத் திருகினாள். நான்கு நாளில் அதுதான் அவள் பேசிய நீளமான பேச்சு. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எல்லாம் சரியாகிவிடும், இவளுக்கே அந்த வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று எண்ணினேன்.

வெந்ததும் துண்டு போட்டு மூன்று தட்டில் வைத்தேன். அவள் தன் தட்டிலிருந்த துண்டுகளின் ஓரத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, சீஸ் இருந்த நடுப்பகுதியை என் தட்டிலும் அம்மா தட்டிலும் வைத்தாள். யோசித்துச் செய்யவில்லை, கை அதுவாகச் செய்தது.

"இன்னாம்மா இது?"

"எனக்கு ஓரந்தாம்பா புடிக்கும்."

சின்ன வயதில் பிரெட்டின் பழுப்பு ஓரத்தைப் பிய்த்து என் தட்டில் போடுகிறவள் இவள். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை இவள் ஒதுக்கிய ஓரத்தையெல்லாம் தின்றது நான். என்னிடமே சொல்கிறாள்.

"அங்க ஞாயித்துக்கெழம நீ இன்னா சாப்புடுவ?"

"இதத்தாம்பா. செஞ்சி அவங்க நாலு பேருக்கும் வெப்பேன். அவங்க ஓரம் துன்ன மாட்டாங்க, தட்டுலயே வெச்சிடுவாங்க."

"சோறு?"

"ஒரு ஆளுக்குன்னு தனியா ஒல வெக்கணுமான்னு கேப்பாங்க."

அழவில்லை. அந்தக் காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள். என் மனைவி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். மணி மூன்று தாண்டியிருந்தது. அப்போது ஒரு போன் போட்டு, வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கூப்பிட்டவனே வேண்டாம் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்குக் கார் வந்தது. "பா, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வந்தவங்கள ஒக்கார வெச்சிக்கினு இன்னாம்மா இது. கொஞ்சம் அனுசரிச்சிப் போ" என்றேன். அதைச் சொன்ன நாக்கு இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம், "கொயந்த சரியா சாப்புட மாட்டா, பாத்துக்குங்க" என்றேன். "எங்க வூட்ல சாப்பாட்டுக்கு இன்னா பஞ்சம் சம்பந்தி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏர் ஃப்ரையரைக் கழுவித் துடைத்து நானே கார் டிக்கியில் வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. வெட்டி வைத்த இன்னொரு பாதி ஃப்ரிட்ஜில் கிடக்கிறது. அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. தினமும் மத்தியானம் மகளுக்குப் போன் போடுகிறேன். "சாப்டியாம்மா?" என்றால் "சாப்ட்டேம்பா" என்கிறாள். என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் நான் கேட்பதில்லை.