இளைக்கிற மாத்திரை

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ், நோயாளிகளுக்கு ‘மிஸ்ஸி’. அந்த வாரம் பதினான்காம் கட்டிலில் இருந்த மல்லிகாவுக்கு ஏன் உடம்பு தேறவில்லை என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

வயது இருபத்துநாலு. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. இரண்டு மாதத்தில் கல்யாணம். கண், தோல் எல்லாம் மஞ்சள். காமாலை வைரஸ் டெஸ்டில் ஒன்றும் இல்லை, குடியும் இல்லை. அட்மிஷன் அன்று நான்தான் கேட்டேன்.

“வேற மருந்து ஏதும் சாப்பிடுறியா?”

“இல்ல மிஸ்ஸி.”

கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதினேன்.

ஒவ்வொரு ரத்த டெஸ்டிலும் பிலிருபின், அதாவது காமாலையின் அளவு, ஏறிக்கொண்டே போனது. டாக்டர் ஃபைலைப் புரட்டுவார், மூடுவார், மறுபடி புரட்டுவார். “நம்ம கண்ணு முன்னாடியே ஏறுதுன்னா, ஏதோ ஒண்ணை நாம பார்க்கல” என்றார்.

ஆறாம் நாள் காலை படுக்கை மாற்றும்போது தலையணை உறைக்குள் ஒரு டப்பா. பச்சைக் கேப்ஸ்யூல்கள். லேபிளில் ஒல்லியான பெண் படம். உள்ளே என்ன சரக்கு என்று ஒரு வரி கிடையாது.

“இது என்ன?”

“மருந்து இல்ல மிஸ்ஸி, மூலிகை லா. உடம்பு இளைக்க.”

“இங்க வந்த பிறகுமா?”

அவள் சுவரைப் பார்த்தாள். “காலைல ரெண்டு. எங்க சூப்பர்வைசர் ஜானகி அக்காதான் குடுத்தாங்க. மஞ்சளா வந்தா உள்ள இருக்கிற கழிவு வெளிய போவுதாம். பாதியில நிறுத்தினா திரும்ப ஊதிடுமாம். கல்யாண ரவிக்கைக்கு அளவு குடுத்துட்டேன் மிஸ்ஸி.”

அவள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது மருந்தை. அன்றிலிருந்து எந்த நோயாளியிடமும் அப்படிக் கேட்டதில்லை. கஷாயம், டீ, பவுடர், டானிக் என்று பேர் சொல்லித்தான் கேட்பேன்.

டாக்டர் டப்பாவை வாங்கிக்கொண்டார். “இதை நிறுத்துறதுதான் வைத்தியம். ஈரல் தாங்கினா பிழைப்பா.”

ஈரல் கெட்டால் மூளை குழம்பும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவள் கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பேன், கிழமை கேட்பேன். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமையைப் புதன் என்றாள். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. திங்களன்று கிழமையைச் சரியாகச் சொன்னாள். மறுநாள் ரிப்போர்ட்டில் பிலிருபின் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

“வேற யாரு சாப்பிடுறா?” என்று கேட்டேன்.

“எங்க வீட்ல இன்னும் மூணு பேரு.”

ஃபேக்டரிப் பெண்கள் ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். ஜானகியும் அங்கேதான். எனக்கு லீவு நாள் வந்ததும் பஸ் ஏறினேன். அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்ததே அவள்தான். முப்பத்தைந்து வயதிருக்கும்.

“மல்லிகாவுக்கு மாத்திரை குடுத்தது நீங்களா?”

“ஆமா. நான் சாப்பிடாததையா அந்தப் புள்ளைங்களுக்குக் குடுப்பேன்? ஒரு வருசமா சாப்பிடுறேன்.”

சொல்லிக்கொண்டே வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். யோசித்து வைத்த எதையும் நான் கேட்கவில்லை.

“அக்கா, உடம்பு அரிக்குதா?”

அவள் கையை உயர்த்திக் காட்டினாள். முழங்கை வரை நகக்கீறல்.

“சேலை மாத்திக்கிட்டு வாங்க. எல்லாரையும் கூப்பிடுங்க. ரத்தம் மட்டும் பார்த்துடலாம்.”

நால்வரும் என்னோடு பஸ் ஏறினார்கள். மற்ற மூன்று பெண்களுக்கும் லேசான பாதிப்புதான், நிறுத்தியதும் சரியானது. மல்லிகா ஐந்தாம் வாரம் வீடு திரும்பினாள். கல்யாணம் தள்ளிப்போய் நடந்தது. ஜானகியின் ஈரல் ஏற்கெனவே கல்லாகிவிட்டிருந்தது, அன்றே அவளை வார்டில் சேர்த்தோம். நினைவு இருந்தவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையேதான் கேட்டாள்: “புள்ளைங்களுக்கு எப்படி இருக்கு?” நல்லா இருக்காங்க என்பேன். அது உண்மை. மூன்றாம் வாரம் எங்கள் வார்டிலேயே இறந்தாள்.

இப்போது நர்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கோபம் வரும், வந்தாலும் முதலில் எதிரில் நிற்பவரின் கண்ணைப் பாருங்கள். அன்று நான் வாசலில் நின்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் ஜானகி கதவைச் சாத்தியிருப்பாள், அந்த மூன்று பெண்களும் உள்ளேயே இருந்திருப்பார்கள்.