லம்பாலைன் தராசு

வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்கால். கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் போர்ட் பிளேர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வனத்துறைக்காரர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லோருக்கும் தீவில் வேலையோ வீடோ இருந்தது. எனக்கு அங்கே இருந்தது ஓர் ஓடுபாதை மட்டும்தான். அதன் ஒரு முனையில் குன்று, மறுமுனை கடல் பக்கம் திறந்திருக்கும். இறங்க வந்த பக்கமாகவே திரும்பி ஏறிப் போக வேண்டும். இதைப் பார்க்க ஒரு சென்னைக் குமாஸ்தா இரண்டு வருடச் சேமிப்பைக் கரைக்கிறான் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? என் மனைவி ‘கிறுக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள்.

அங்கே இன்னொரு கிறுக்கரும் இருந்தார். போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் கயிறும் லாந்தரும் விற்கும் யூசுப் பாய். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஒரு விமானப் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அறிமுகமாகி ஆறு வருடங்களாகக் கடிதம் எழுதிக்கொள்கிறோம். மீனம்பாக்கத்தில் என்ன வந்தது, போனது என்று நான் எழுதுவேன். அவர் ஊர் விமான நிலையமான லம்பாலைனில் வாரம் ஒருமுறை வரும் விமானத்தைப் பற்றி அவர் நான்கு பக்கம் எழுதுவார். முகம் பார்த்ததில்லை.

ரங்கூனில் எரிபொருள் நிரப்ப ஒரு மணி நேரம். பிறகு கடல், கடல், கடல். பதினொன்று அடிக்கும்போது கீழே பச்சைத் தீவுகள் தெரிந்தன. எங்கள் வைக்கவுண்ட் விமானம் தென்னந்தோப்புகளை உரசுவதுபோல் வந்து இறங்கி, குன்று நெருங்கும் முன்பே நின்றது. கை தட்டலாம் போலிருந்தது. அக்கம்பக்கத்தார் தப்பாக நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

வேலிக்கு வெளியே சைக்கிள்களும் மாடுகளும் காத்திருந்தன. ஓடுபாதையைக் கடந்துதான் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போக வேண்டுமாம். சங்கு ஊதினால் எல்லோரும் நிற்பார்கள், விமானம் நின்றதும் கடப்பார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் என்னிடம் வந்தார். வணக்கமும் இல்லை, சலாமும் இல்லை.

“ஒம்பது நிமிசம் லேட்டு சார். ரங்கூன்லயா?”

“ரங்கூன்லதான் பாய்” என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அடுத்த விமானம் அடுத்த வியாழன்தான். அந்த வாரம் முழுவதும் ஜங்லிகாட்டில் அவர் கடைப் பலகையில் உட்கார்ந்து, பதினைந்து பைசா டீயாகக் குடித்தபடி பேசினோம். நடுவில் பெங்காலிக்காரர் யாராவது வந்தால் இந்தியில் விலை சொல்லி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

“டக்கோட்டா சத்தம் நெல்லு குத்துற மாதிரி சார். வைக்கவுண்டு விசிலடிக்கும். நாய்க்குத்தான் மொதல்ல கேக்கும், அப்பறம் எனக்கு.” சற்றுத் தயங்கிக் கேட்டார்: “உள்ள இருந்தா அந்த விசில் கேக்குமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடம் எனக்குப் பாடம் எடுத்த மனிதர் விமானத்தில் ஏறியதே இல்லை. மெயின்லேண்டுக்கு எப்போதும் கப்பல்தான்.

“ஜஹாஸ்ல வாந்தி எடுத்தே பாதி வயசு போச்சு. இந்த வாட்டி உங்க கூடவே நானும் வர்றேன். டிக்கெட் எடுத்தாச்சு. கல்கத்தாவுல சரக்கு எடுக்கணும்ல.”

உள்ளிருந்து அவர் மனைவி ஜைனப் குரல் கொடுத்தார். “சரக்கு ஜஹாஸ்ல வருமாம், இவுக மட்டும் ஆகாசத்துல போவாகளாம். இந்த ஒரு தடவதான், சொல்லிட்டேன்.”

வியாழன் காலை யூசுப் பாய் புதுச் சட்டையில் வந்தார். லம்பாலைனில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி, எடையை உரக்கப் படித்துக் கரும்பலகையில் எழுதுவார்கள். குட்டையான ஓடுபாதை, ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு வேண்டும். என் முறை வந்தது. எண்பத்து மூன்று, பெட்டி பதினான்கு. வரிசையில் சிரிப்பு. யூசுப் பாய் ஐம்பத்தொன்று, பை எட்டு.

“சார் ஒருத்தருக்கு ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கணும்” என்று கேலி செய்தவர், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையை நிமிர்ந்து பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நானும் பார்த்தேன். குன்றின் மேலிருந்து வாடைக்காற்று பலமாக வீசியது. குன்றுப் பக்கமிருந்து கடல் பக்கம் ஓடித்தான் ஏற வேண்டும் என்பதால் காற்று முதுகில் தள்ளும், எழும்ப அதிகத் தூரம் ஓட வேண்டும். அப்படியென்றால் எடையைக் குறைத்தாக வேண்டும்.

பத்து நிமிடத்தில் அதிகாரி வந்து இந்தியில் அறிவித்தார். தொண்ணூறு கிலோ இறங்க வேண்டும். கடைசியாக டிக்கெட் வாங்கியவர் முதலில் இறங்குவது விதி. கடைசிப் பெயர் யூசுப் பாய். அவரை இறக்கினால் ஐம்பத்தொன்பதுதான். அதற்கு முந்தைய பெயர் மெலிந்த ஓர் ஆசிரியை, அவரும் சேர்ந்தால் சரியாகிவிடும்.

அடுத்த மூன்று வாரமும் இடமில்லை. அதற்குள் சென்னைக் கப்பலில் அவருக்கு வேறு சரக்கு வந்துவிடும், கடையை விட்டு நகர முடியாது. ‘இந்த ஒரு தடவதான்’ என்பது அன்றோடு தீர்ந்துவிடும்.

கரும்பலகையைப் பார்த்தேன். எண்பத்து மூன்றும் பதினான்கும் தொண்ணூற்றேழு. நான் ஒருவன் இறங்கினால் போதும், அவர்கள் இரண்டு பேரும் போகலாம். அந்தக் கூடத்தில் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இரண்டே பேர். யூசுப் பாயின் கண் என் எடையின் மேல் ஒரு நொடி நின்றது, பிறகு தரையைப் பார்த்தது. அவர் வாய் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. இந்த ஓடுபாதையிலிருந்து ஏறுவதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ். என் டிக்கெட் முதலில் வாங்கியது, விதி என் பக்கம். இப்படியே காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். ஆசிரியை பெட்டியை எடுக்கக் குனிந்தார். யூசுப் பாய் தன் பையைத் தூக்கிக்கொண்டு, “சரி சார், கடைய தொறக்கலாம்” என்று அதிகாரியிடம் தமிழில் சொன்னார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

அதைக் கேட்டபிறகுதான் எனக்குக் குரல் வந்தது. கரும்பலகையைக் காட்டி, “என்னை இறக்கிவிடுங்கள்” என்றேன்.

அதிகாரி கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். யூசுப் பாய் பையைக் கீழே வைத்தார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “எந்தப் பக்கம் ஒக்காரணும் சார்?” என்றார்.

“றெக்கைக்குப் பின்னால, ஜன்னல். மேல ஏறினதும் றெக்கை மடல், அந்த பிளாப், உள்ள போறது தெரியும்.”

சங்கு ஊதியது. சைக்கிள்காரர்களோடு வேலியோரம் நின்றேன். விமானம் குன்றடியில் திரும்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடியது, ஓடியது, எழுந்தது. விசில் உள்ளே கேட்கிறதா என்று அவரிடம் கேட்க நான் பக்கத்தில் இல்லையே என்று தோன்றியது.

கப்பலில் சென்னைக்கு நான்கு நாள். யூசுப் பாய் சொன்னதில் மிகையே இல்லை, கம்பியைப் பிடித்தபடியே தமிழ்நாடு வந்து சேர்ந்தேன். ஆபீசில் சம்பளம் பிடித்தார்கள். மீனம்பாக்கத்தில் ஆளின் எடையை யாரும் உரக்கப் படிப்பதில்லை, அங்கே எவனும் எவனுக்காகவும் இறங்க வேண்டியதில்லை.

அதன்பின் அவரிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் மட்டும் பதினோரு பக்கம், முழுக்க விமானம். நான் இறங்கிக்கொண்டதை ஜைனப் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். நான் வாய்மூடி நின்ற அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி யூசுப் பாய் இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை. அவருக்கு அது தெரியும். அதனால்தான் நான் இங்கே எழுதுகிறேன்.