கறுப்புத் தக்காளிக்கு வேண்டுதல்

ஐந்து வகைத் தக்காளி காய்க்கிற வீட்டில் ரசத்துக்குக் கடைத் தக்காளி வாங்குகிறார்கள் என்றால், அந்த வீட்டில் ஒருவருக்குப் புத்தி சரியில்லை. அது யார் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நான் சித்தூரில் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தவன். எந்த மண்டலத்தில் எத்தனை ஏக்கர், என்ன விளைச்சல் என்று எண்ணி எண்ணி மேலே அனுப்பினேன். எண்ணினேனே தவிர ஒரு செடிகூட நட்டதில்லை. ஓய்வு பெற்றுத் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையை ஒட்டிய தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மலைக்கு நடந்து போகிறவர்களை ஜன்னலில் உட்கார்ந்து சில நாள் எண்ணினேன்.

"இன்னாய்யா, போற வர்ற பொம்பளைங்கள எண்ணிக்கினு குந்திக்கினு கீற? பாக்குறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாள் மனைவி.

ஆண்களையும்தான் எண்ணினேன். ஆனாலும் விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் தக்காளி.

மரபு விதைகளைப் பகிர்ந்துகொள்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல வேலையற்ற கிழவர்கள். ஆளுக்கு ஒரு தக்காளியைப் பிடித்துக்கொண்டு, அதுதான் உலகிலேயே சிறந்தது என்று சண்டை போடுவார்கள். எனக்குச் சண்டையில் நம்பிக்கை இல்லை, மதிப்பெண்ணில்தான் நம்பிக்கை. ஐந்து வகையை வளர்ப்பது, தோல், சதை, விதை, புளிப்பு, தாங்கும் நாள் என்று ஐந்து தலைப்பில் இருபது இருபது மதிப்பெண் போடுவது, முடிவை அறிவித்துக் கிழவர்களின் வாயை அடைப்பது. இதுதான் திட்டம்.

முதலாவது, பாலசமுத்திரத்திலிருந்து மைத்துனர் கொடுத்தனுப்பிய நாட்டுத் தக்காளி. ஒரு பழத்தில் பதினொரு மடிப்பு, மடிப்புக்குள் மண், கழுவுவதற்குள் ரசம் கொதித்துவிடும். இரண்டாவது மஞ்சள் நிறத்தில் பேரிக்காய் வடிவம். நான்கு செடியில் இருநூற்றுப் பதினாலு பழம் காய்த்தது. "கோலி ஆடவா, கொழம்பு வைக்கவா?" என்று மனைவி கேட்டாள். மூன்றாவது பச்சையில் வரி போட்டது. பழுத்தாலும் பச்சைதான். அது சிவக்கட்டும் என்று அவள் கூடையிலேயே வைத்திருந்து பதினேழு பழத்தை அழுகவிட்டாள். நான்காவதற்குப் பெயர் எருது இதயம். ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு மேல். பக்கத்து வீடுகளில் கொடுத்தபோது பெயரைச் சொன்னது என் தவறு. மூன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

என் மனைவியிடம் ஐந்து தலைப்பெல்லாம் கிடையாது. ரசத்தை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். கூடப் புளி கரைக்க வேண்டியிருந்தால் அந்தத் தக்காளி தோற்றது. அவ்வளவுதான் பரீட்சை. நாட்டுத் தக்காளி மட்டும் தேறியது. அதுவும் கழுவுகிற வேலையால் பாதி மதிப்பெண் இழந்தது. ஆகவே கடைக்கு ஆள் போயிற்று. ஆள் என்றால் நான்தான்.

ஐந்தாவது கறுப்பு. அதை நம்பித்தான் நான் இந்தக் காரியத்தில் இறங்கினேன். முழுக் கறுப்பில்லை; நாவல்பழத்தைச் சிவப்பு மையில் முக்கியெடுத்த நிறம். குழுவில் ஒருவர் பத்து விதை அனுப்பியிருந்தார். குழுவில் ஒரு சட்டம் உண்டு: வாங்கிய விதையைப் போல் இரண்டு பங்கு அதே பருவத்தில் திருப்பித் தரவேண்டும். தராதவரின் பெயரைக் குழுவில் போட்டுவிட்டு, பிறகு ஆளை நீக்குவார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரையே அப்படி நீக்கினார்கள். ஊரெல்லாம் தண்டனை கொடுத்தவர் கத்தரி விதையில் மாட்டிக்கொண்டார் என்று நான்கூடச் சிரித்தேன்.

என் பத்து விதையில் மூன்று முளைக்கவில்லை. இரண்டு, நாற்றிலேயே தண்டு அழுகிப் படுத்துக்கொண்டன. ஒன்றை மாடு தின்றது. ஒன்றைக் குரங்கு பிடுங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு என் முன்னாலேயே எறிந்தது. ஒன்றைக் கேபிள்காரர் மிதித்தார். ஒன்றைக் களை என்று நினைத்து என் மனைவி பிடுங்கினாள். மிச்சம் ஒரே ஒரு செடி. அதிலிருந்து இருபது விதை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் நீதிபதிக்கு அடுத்த பெயர் என்னுடையது.

வெயில் நன்றாக விழுகிற இடம் வீட்டின் முன்பக்கம்தான் என்பதால் அந்தச் செடியைத் தெருக் கம்பிவேலி ஓரமாக வைத்திருந்தேன். ஒவ்வொரு வகைக்கும் அடையாளமாக முட்டுக்கொம்பில் ஒவ்வொரு நிறம் பூசுவது என் வழக்கம். வீட்டில் மீந்த பெயிண்ட் நான்கு டப்பாதான் இருந்தது. ஐந்தாவதற்குப் பொங்கலுக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பும் காவியும் மிச்சம் இருந்தன. வீணாக்குவானேன் என்று வெள்ளை ஒரு பட்டை, காவி ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி அடித்தேன். செடி பூத்தது, கொட்டியது, மறுபடி பூத்தது. கடைசியில் மூன்று காய் நின்றது. விதைக்கு விடுகிற பழம் செடியிலேயே முழுக்கப் பழுக்க வேண்டும். முன்னாலேயே பறித்தால் விதை சொத்தையாக இருக்கும். யாரும் தெரியாமல் பறித்துவிடாதபடி மூன்று காம்பிலும் நூல் கட்டினேன். பூஜை அலமாரியில் மஞ்சள் நூல் இருந்தது. அதைக் கட்டினேன்.

வெள்ளையும் காவியும் அடித்த கொம்பு, மஞ்சள் நூல், கருநிறத்தில் பழம். இது திருப்பதி. கோயில் கட்டி முடித்துவிட்டு, கட்டியது தெரியாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தால் கொம்பில் குங்குமம். நான் கட்டாத நான்காவது நூல் ஒன்று தொங்கியது. எதிர்வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார். நகரியில் பிறந்து இங்கே தெலுங்குக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய ஒரே பையன் அமெரிக்க விசாவுக்கு ஹைதராபாத்தில் இன்டர்வியூவுக்குப் போக இருந்தான். ஏற்கெனவே இரண்டு தடவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, சாமி நெறத்துலயே காச்சிக்கீது பாருங்க," என்றார்.

"அது தக்காளிம்மா. அதோட நெறமே அதான்."

"தக்காளின்னு எனக்குத் தெரியாதா? கல்லுல வருவாரு, தக்காளில வரமாட்டாரா?"

மனைவியிடம் போய் முறையிட்டேன். "ஒரு நூலு கட்டிக்கினா ஒனக்கு இன்னா கொறஞ்சிடப் போது? நீ மூணு கட்டுன, அது ஒண்ணு கட்டுச்சு," என்றாள். கணக்கு சரிதான்.

அடுத்த முறை எண்ணியபோது நூல் ஒன்பது. அதற்கடுத்து இருபத்தாறு. மலைக்கு நடக்கிறவர்கள், போகிற வழியில் இதுவும் ஒரு சந்நிதி போலிருக்கிறது என்று நின்றார்கள். ஒருவர் நின்றால் நால்வர் நிற்பது இந்த ஊர் வழக்கம். செடியின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு அம்மாள் பால் ஊற்றினார். தக்காளிக்குப் பால் ஊற்றினால் எறும்பு வரும் என்று கத்தினேன். "எறும்புக்கும் பசிக்கும் இல்ல தாதகாரு," என்றார். தாத்தா என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கற்பூரம் ஏற்ற ஆரம்பித்ததும் இரண்டு கிளை இலை கருகிவிட்டது. நான் ஓர் அட்டையில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வேலியில் மாட்டினேன்: இது செடி, யாரும் தொடக்கூடாது. மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள்.

இதற்குள் யாரோ தேங்காய் உடைத்து ஒரு மூடியைச் செடியடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேங்காய்க்கு வந்த குரங்கு பக்கத்தில் இருந்த பழத்தையும் கடித்துத் துப்பிவிட்டுப் போயிற்று. பழம் மூன்றில் ஒன்று போயிற்று. எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆஞ்சநேயரே வந்து எடுத்துக்கினாரு." இன்னொன்று ஒரு மத்தியானம் நான் தூங்கி எழுவதற்குள் நூலோடு காணாமல் போயிற்று. பிரசாதம் என்று எடுத்திருப்பார்கள். எந்த வயிற்றில் என் விதை போகிறதோ என்று அன்று முழுக்கத் தெருவில் போகிறவர்களின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே பழம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அது இன்னும் முக்கால் பாகம்தான் பழுத்திருந்தது. நான் உட்கார்ந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகமாயிற்று. ஒருவர் என் காலடியில் பத்து ரூபாய் வைத்தார்.

அந்தச் சமயத்தில் விசா வந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மா தெருவிலேயே கைதட்டிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கும் சந்தோஷம்தான், நல்ல பையன். ஆனால் ஊருக்குக் கிளம்புகிற நாள் சாயங்காலம் அவர் பையனையும் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வாழைப்பழம், வெற்றிலை, ஒரு வேட்டி எல்லாம் வைத்துக்கொண்டு வந்தபோது நான் நாற்காலியை இன்னும் பழத்தை ஒட்டி இழுத்துப் போட்டேன்.

"அண்ணா, அந்தப் பழத்தக் குடுங்க. புள்ளைக்கு ஊட்டிட்டு அனுப்புறேன்னு வேண்டிக்கினேன்."

"அது இன்னும் பழுக்கலைம்மா."

"ராத்திரி பிளைட்டுண்ணா. சென்னைக்குக் கார் வந்து நின்னுக்கினு கீது."

"அதுல என் விதை கீது. நான் இருபது விதை திருப்பித் தரணும்."

"வெதையா? என் புள்ள ஏழு கடல் தாண்டிப் போறான், நீங்க வெதையப் பத்திப் பேசிக்கினு கீறீங்க!"

"பழம் இல்லாமலே விசா வந்துடுச்சு இல்ல? அப்புறம் எதுக்குப் பழம்?"

அவர் முகம் வாடிவிட்டது. "வேண்டிக்கினத செய்யாம அனுப்புனா, அங்க எதனா ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார், மெதுவாக. பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, விடும்மா. அங்கிள் பாவம்," என்றான். இருபத்தாறு வயதுப் பையன் என்னைப் பாவம் என்று சொன்னது எனக்கு உறைத்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி போய்ப் பழத்தைப் பறித்துவிட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் அதைக் கொண்டுபோய் அரிவாள்மணையில் உட்கார்ந்தாள்.

"சண்டை போட்டுக்கினே நின்னா காரும் போய்டும், பழமும் போய்டும். சதை புள்ளைக்கு, வெதை இவருக்கு. டம்ளர் எடுத்தாய்யா."

"பிரசாதத்துல பாதியா எடுப்பாங்க?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"கோயில்ல வாழைப்பழம் குடுத்தா தோலு உரிக்காமயா துன்ற?" என்றாள் என் மனைவி. அதோடு வாதம் முடிந்தது.

நான் டம்ளரைப் பிடித்தேன். அவள் பழத்தை இரண்டாக அரிந்து, குழியில் இருந்த கொழகொழப்பையும் விதையையும் கட்டை விரலால் வழித்து விட்டாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். விதைகள் வெளிறியும் சில இளசாகவும் இருந்தன. எது தேறும், எது தேறாது என்று சொல்ல முடியவில்லை. சதையில் இன்னும் சில ஒட்டிக்கொண்டிருந்தன. அதையும் சுரண்டச் சொன்னேன்.

"சால்லே!", போதும் என்று தெலுங்கில் கத்தினார் எதிர்வீட்டு அம்மா. "சுரண்டிச் சுரண்டிப் பிரசாதத்தத் தோலாக்கிடுவீங்க போல கீது!"

பையனைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, வாயில் ஊட்டினார். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். நான் அவன் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்தியால் இல்லை. அந்த வகைக்கு நான் மதிப்பெண் போட வேண்டும். எனக்கு ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை.

"எப்படிப்பா இருக்குது? புளிப்பு எவ்வளவு? இருபதுக்கு?"

அவன் கண்ணைத் திறந்தான். "புளிப்பே இல்ல அங்கிள். கொஞ்சம் உப்பு மாதிரி கீது."

"அப்ப ரசத்துக்கு ஆவாது," என்றாள் என் மனைவி. கறுப்புத் தக்காளியின் தேர்வு முடிவு வெளியானது.

அவன் மெல்வதை நிறுத்தினான். நாக்கால் வாய்க்குள் எதையோ தேடினான். அம்மா தாம்பாளத்தை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, விரல் நுனியால் நாக்கைத் தொட்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"மூணு அங்கிள். ஒண்ணு முழுங்கிட்டேன், சாரி."

"டேய், எச்சில்!" என்று முதுகில் ஓர் அறை விழுந்தது. அம்மா பார்த்துவிட்டார். "சாமி பிரசாதத்தத் துப்பிக் குடுக்குறியே, அமெரிக்கா போறதுக்கு முன்னாலயே இப்டியாடா!"

நான் அந்த மூன்றையும் டம்ளரில் போட்டேன். எப்படியும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்துத்தான் கழுவ வேண்டும். அதில் எச்சிலென்ன, தீர்த்தமென்ன. அவன் காரில் ஏறும்போது என் காலைத் தொட்டான். நல்லா இரு என்றேன். விழுங்கிய அந்த ஒன்றும் அவனோடு விமானம் ஏறியது.

காய வைத்து எண்ணியபோது அறுபத்தெட்டு. இளம் விதை முளைக்குமோ முளைக்காதோ என்று பயந்து, பன்னிரண்டைச் சோதனைக்கு ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். எட்டு முளைத்தது. அன்றே குழுவுக்கு இருபதுக்குப் பதில் நாற்பது அனுப்பினேன். சொத்தை விழுந்தாலும் கணக்கு நிற்க வேண்டும் அல்லவா? பையன் துப்பிய மூன்றும் எதில் போயின, துணியிலா, தபாலிலா, மிச்சத்திலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. உலர்ந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.