நாங்கள் திறக்காத கதவு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம். சவுதியில் ஜுபைலில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். வடக்கே ஜோர்டான் எல்லை வரை உள்ள சின்னச் சின்ன ஊர்களில் எங்கள் கம்பெனி விற்ற ஜெனரேட்டர்களை வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த வருஷம் அது என் தலையில் விழுந்தது. கூட வந்த டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். மார்கழியில் காதில் துண்டைக் கட்டிக்கொள்வதற்கு மேல் குளிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு அதுகூடத் தெரியாது.

ஹஃபர் அல் பாதின், ரஃப்ஹா, அரார் என்று ஒரே ரோடு. இரண்டு பக்கமும் ஒன்றும் கிடையாது. ஊருக்கு ஊர் குளிர் ஏறிக்கொண்டே போனது. ஜோர்டான் எல்லைப் பக்கம் துரைஃபில் முதல் நாள் காலையில் பிக்கப் கண்ணாடி முழுக்க ஐஸ். டிரைவர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றப் போனார். கண்ணாடி தெறித்துவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார். அப்போதாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. ஒட்டகம் வளர்க்கும் பதூ, பாலைவன நாடோடி இனத்தவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். அவர் கிணற்று மோட்டாரை ஓட்டும் ஜெனரேட்டர் நின்றுவிட்டதாம். அது எங்கள் கம்பெனி மெஷினே இல்லை. லிஸ்டில் இல்லாததைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஃபோர்மேன் உத்தரவு. "பேப்பர் மாஃபி", பேப்பர் இல்லை என்று கையை விரித்தேன். போவார், இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து "யா முஹந்திஸ்" என்பார். மெக்கானிக்கை இன்ஜினீயர் என்று கூப்பிட்டால் மனசு இளகிவிடுமா என்ன? நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு நாள் கடத்தினேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, லீவு. வெளியே காற்றும் தூறலும். நாங்கள் தங்கிய ரூமில் ஹீட்டர் கிடையாது. சந்தையில் கரி அடுப்பு ஒன்று வாங்கி வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரூமுக்குள்ளேயே பற்ற வைத்தோம். அந்த ஊர்க்காரர்களும் வைக்கத்தான் செய்கிறார்கள். நாங்கள் அதோடு விடவில்லை. ஜுபைல் கேம்ப்பில் ஏசி குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவு இடுக்கில் ஈரத்துண்டைத் திணிப்போம், ஜன்னல் ஓரமெல்லாம் டேப் ஒட்டுவோம். கைக்குப் பழகிய வேலை. இங்கே சூடு வெளியே போகக்கூடாதென்று அதையே செய்தோம். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு.

ரூம் கதகதப்பானது. சற்று நேரத்தில் வண்டிச் சத்தம். டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "அந்த ஆள் திரும்பவும் வாறார் மச்சான். கதவைத் திறந்திடாதை, பேசாமல் கிட!"

அவர் தட்டினார், கூப்பிட்டார். நாங்கள் கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிப் போனது.

பிறகு தலை வலித்தது. குளிர் பட்டதால் என்று நினைத்தேன். தூக்கம் அழுத்தியது. டிரைவரிடம் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. தூங்கிவிட்டார் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது, மறுபடியும் கதவு தட்டும் சத்தம். அவர்தான். இந்தத் தடவை திறக்கவேண்டும் என்று எனக்கே தோன்றியது. எழ நினைத்தேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. சாகப்போகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. உள்தாழ்ப்பாளை நானே போட்டதும் ஞாபகம் வந்தது.

கதவு உடைந்தது. காற்று, காற்று என்று அரபியில் கத்தினார். முதலில் டிரைவரை இழுத்துப் போனார், அப்புறம் என்னை. ஈர மண்ணில் கிடந்து வாந்தி எடுத்தேன். டிரைவர் கண்ணே திறக்கவில்லை. இருவரையும் தன் வண்டியில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எகிப்து டாக்டர் கரி அடுப்பின் விஷவாயு என்று சொல்லி ஆக்ஸிஜன் வைத்தார். துண்டு திணித்த கதையைக் கேட்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது டிரைவர் கண் விழித்து என் பெயரைச் சொன்னார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவருடைய கிணற்றுக்குப் போனோம். குளிரில் டீசல் மெழுகாக உறைந்து ஃபில்டர் அடைத்திருந்தது. அரைமணி நேர வேலை. அதற்காக மூன்று நாள், ஊரிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து ஒட்டகங்களுக்கு ஊற்றியிருக்கிறார். தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் அவை முட்டி மோதிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

முதல் தடவை தட்டியபோதும் உள்ளேதான் இருந்தோம் என்று எனக்குத் தெரிந்த அரபியில் ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார். வாசலில் செருப்புக் கிடந்ததாம், சிரிப்பும் கேட்டதாம். கோபமாகத்தான் போனாராம், நன்றாகத் திட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் திரும்பி வந்தாராம்.

"செருப்பு அங்கேயே இருந்தது. கரி வாசனை வந்தது. சிரிப்பு மட்டும் கேட்கவில்லை" என்றார்.

இப்போதும் ஒரே ஆள் மூன்றாவது தடவையாக வந்து நின்றால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் வெளியே நிற்பவருக்கு நான் உள்ளே இருப்பது தெரியும் என்ற நினைப்பு வந்துவிடும், எழுந்து போய்த் திறந்துவிடுகிறேன்.