முதல் பேட்டரி தாங்கிய காலம்

எங்கள் காரோடு வந்த பேட்டரி நான்கு வருடங்களைத் தாண்டி ஓடியது. பினாங்கு வெயிலில் இது அபூர்வம். இரண்டு வருடம் வந்தால் சரி, மூன்று வருடம் வந்தால் அதிர்ஷ்டம் என்பதுதான் இங்குள்ள பட்டறைகளில் சொல்லும் கணக்கு. குளிர் நாடுகளில் இன்னும் அதிகம் தாங்கும். சூடு உள்ளே இருக்கும் தகடுகளை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும். எங்கள் பேட்டரி அத்தனை காலம் தாங்கியது அதிர்ஷ்டத்தால் அல்ல. நான் தாங்க வைத்தேன்.

கார் எடுத்த அன்று, என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. விற்பனைக் கடையில் இருந்தவர் எது எதற்கு எவ்வளவு காலம் வாரண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"பேட்டரிக்கு மட்டும் வாரண்டி கம்மி அண்ணே. ஒரிஜினல் ரெண்டு, ரெண்டரை வருஷம் வரும் லா. அதுக்கு மேல வந்தா போனஸ்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இந்த பேட்டரி போறதுக்குள்ள நான் ஊருக்கு வந்துருவேன்."

"அண்ணே, வீட்டுல தேதியெல்லாம் சொல்லி மாட்டிக்காதீங்க," என்று விற்பனைக்காரர் சிரித்தார்.

"தேதி எங்க சொன்னேன்? பேட்டரிதானே சொன்னேன்."

அங்கிருந்து நேராகத் தண்ணீர்மலைக் கோவில் அடிவாரத்துக்குப் போய்ப் பூசை போட்டோம். நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்சக்கரத்துப் பழம் ஒன்று சரிவில் உருண்டு ஓடியது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் அதன் பின்னால் ஓடினார். நான் ஓட்டுநர் இருக்கையில் காத்திருந்தேன். அவர் பழத்தைத் திரும்ப வைத்துவிட்டு, "இப்ப எடு" என்றார். எடுத்தேன்.

பிறகு அவர் போய்விட்டார்.

நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பொருளைச் சூட்டில் போட்டு, ஓட வைத்து, அது எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை. காலையில் தொழிற்சாலை பஸ் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே வந்துவிடும். அதனால் கார் எனக்குத் தேவைப்படவில்லை. அவர் மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ இரவு பஸ்ஸில் வருவார். சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் விடிகாலையில் போய் ஏற்றி வருவேன். மற்ற நாட்களில் கார் நின்றுகொண்டே இருக்கும். நிற்கும் காரில்தான் பேட்டரி சீக்கிரம் சாகும்.

ஆகவே முதலில், வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். மரத்தடி என்பதால் பறவை எச்சத்தைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்தது, கண்ணாடியில் மாட்டிய கேமராவின் ஒயரைப் பிடுங்கிவிடுவது. ஏர்கோனை அணைத்த பிறகுதான் இஞ்சினை அணைப்பது, கிளப்பிய பிறகுதான் ஏர்கோனைப் போடுவது. முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் சுடுதண்ணீர் ஊற்றித் துடைப்பது. வாரம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்ப்பது. பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

எங்கள் அடுக்குமாடியில் பலர் ஞாயிறு காலையில் இறங்கி வந்து, காரைக் கிளப்பிவிட்டு, பக்கத்தில் நின்று நாளிதழ் படித்துவிட்டு, அணைத்துவிட்டுப் போவார்கள். பேட்டரிக்கு உயிர் கொடுப்பதாக நினைப்பு. கிளப்பும்போது செலவான மின்சாரம்கூட அதில் திரும்பி வருமா என்பது சந்தேகம். கார் ஓட வேண்டும், அரை மணி நேரமாவது. அதனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் காரை எடுப்பேன். தண்ணீர்மலை வரை போய், கர்னி கடற்கரைக்கு இறங்கி, தஞ்சோங் தோக்கோங் வரை ஓட்டிவிட்டுத் திரும்புவேன்.

அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் இல்லாதது தெரியும். வீட்டில் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் எனக்கு வேலை இருக்கும். காரில் அவருக்கு வாய் ஓயாது. கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படிப்பார். நாசி கண்டார் சோற்றுக்கடை முன் நிற்கும் வரிசையைப் பார்த்தால், "இவ்வளவு கூட்டம், அந்தக் கொழம்புக்கா?" என்பார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காரின் எண்களைக் கூட்டிப் பார்த்து, ஒன்பது வந்தால் என் தோளில் தட்டுவார். தனியாக ஓட்டும்போது நானும் எண்களைக் கூட்டினேன். ஒன்பது வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டரை வருடம் முடிந்தது. அவருக்குப் பதவி உயர்வு வந்தது, ஒப்பந்தம் நீண்டது. நான் மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பேட்டரி நன்றாக இருந்தது. பேட்டரி இருக்கும்வரை அவர் சொன்ன சொல்லும் பொய்யாகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போனில் அவரும் கேட்பார். "பேட்டரி எப்படி இருக்கு?"

"பன்னெண்டு புள்ளி அஞ்சு."

"அப்ப டைம் இருக்கு லா."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் மூன்றாம் வருடத்தில் ஒருநாள் அதே பேச்சில் ஒரு நிம்மதி கேட்டது. போனை வைத்த பிறகும் அது காதில் இருந்தது. அவர் வருவதற்கு வைத்த கெடுவை நான்தான் வாராவாரம் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அன்று புரிந்தது. புரிந்த பிறகும் அடுத்த வெள்ளிக்கிழமை காரை எடுத்தேன். வேறு எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் அவரை ஏற்றப் போக இறங்கினேன். சாவியைத் திருப்பினேன். டக் டக். இன்னொரு முறை திருப்பினேன். அந்தச் சத்தமும் இல்லை. அவருக்குப் போன் செய்து வாடகைக் காரில் வரச் சொல்லிவிட்டு, வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தருபவரை அழைத்தேன்.

பேட்டரிக்காரர் வந்து பழையதைக் கழற்றித் துணியால் துடைத்துத் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது காடியோட வந்ததா?"

"ஆமாண்ணே."

"நாலு வருசத்துக்கு மேலயா? காடிய ஓட்டுனீங்களா, தொட்டில்ல போட்டு ஆட்டுனீங்களா?"

அப்போதுதான் என் கணவர் வாடகைக் காரிலிருந்து பையோடு இறங்கினார். சிமெண்டுத் தரையில் கிடந்த பழைய பேட்டரியைப் பார்த்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு பேட்டரிக்காரரிடம், "புதுசு எவ்வளவு நாள் வரும்ணே?" என்று கேட்டார்.

"சாதாரணமா ரெண்டு வருசம். தங்கச்சி பாத்துக்கிட்டா அஞ்சு வருசம்கூட வரும்!"

இருவரும் சிரித்தார்கள். "நான் பாத்துக்க மாட்டேன்," என்றேன். பேட்டரிக்காரர் சட்டென்று குனிந்து திருகாணியை முடுக்க ஆரம்பித்தார்.

மாடிக்கு வந்து காப்பி கலக்கினேன். "எப்ப வர்றீங்க?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் அதை நான் நேராகக் கேட்டதே இல்லை.

"இங்க சம்பளம் பாதிதான் கிடைக்கும்."

"தெரியும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். சமாளிக்கலாம்."

அவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பெயர் ஒட்டிய டப்பாக்கள், குளிர்பெட்டியின் கதவில் என் வார அட்டவணை. "சம்பளம் மட்டும் இல்லம்மா. நான் வந்து போறப்ப எல்லாம் எந்த டவல் என்னுதுன்னு உன்கிட்ட கேக்க வேண்டியிருக்கு. நான் இல்லாமலே எல்லாம் ஒழுங்கா ஓடுது. நான் வந்து எங்க நிக்கறது?"

வெள்ளிக்கிழமைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பேட்டரிக்காகக் காரை எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வோல்ட் எவ்வளவு என்று சொல்லியிருந்தேன். எண்களைக் கூட்டுவதைச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். காப்பி ஆறும்வரை அவர் தலை நிமிரவில்லை.

ஞாயிறு மாலை பஸ் நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் ஒரு பலகையைக்கூட அவர் படிக்கவில்லை. பஸ் ஏறும் முன், ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னார். "அப்ப வேலைய விட நோட்டீஸ் குடுத்துர்றேன்," என்றார். திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

அந்த மாதம் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். கார் மரத்தடியில் நிற்கிறது. அதன் மேல் இலைகள் விழுகின்றன. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அதைக் கடந்துதான் மாடி ஏற வேண்டும். சில நாட்களில் கதவைத் திறந்து, சாவி போடாமல், கொஞ்ச நேரம் அவர் உட்காரும் இடதுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.