அந்த நாற்காலிக்கு வரும் நடை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செகந்திராபாத்தில் எங்கள் வீட்டில் ஜெபமாலை உண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை உண்டு, இந்த மாதிரிக் கதைகளுக்கு மட்டும் இடம் கிடையாது. அதனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், நானே பாதி நாள் நம்புவதில்லை, ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

பி.எஸ்சி. ஆனர்ஸ் கடைசி வருடம். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் மாணவர்கள் படிக்கும்போதே புரொபசரின் ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்யலாம். எங்கள் புரொபசர் நிலநடுக்கம் பற்றி ஆராய்பவர், அவரிடம் இருந்தது ஒரே ஒரு இடம். கிடைத்தால் மேல்படிப்புக்கு வெளிநாடு போவது கிட்டத்தட்ட நிச்சயம், கிடைக்காவிட்டால் நாச்சாரத்தில் ஏதாவது ஒரு கம்பெனி. எனக்கும் வைஷ்ணவிக்கும்தான் போட்டி. அவள் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் பெண், அப்பா விஞ்ஞானி, பாதிப் பாடம் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும். இடம் அவளுக்குத்தான் போனது. வாழ்த்துச் சொன்னேன், கேக் கூட வாங்கிக் கொடுத்தேன், ஆனால் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் வேலை என்னவென்றால், தரை அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகளை வராந்தாவிலிருந்து தன் நாற்காலி வரை வரிசையாக வைத்து, மனிதர்கள் நடப்பதால் வரும் அதிர்வைத் தனியாகப் பிரிக்க வேண்டும். யார் நடந்தாலும் கம்ப்யூட்டர் திரையில் கோடு துள்ளும். ஆளுக்கு ஒரு துள்ளல், பழகியவர்களுக்குப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிடும். எப்போதோ வண்டியிலிருந்து விழுந்ததில் நான் இடது காலை லேசாக இழுத்து நடப்பேன், என் நடையைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம்.

போனாலு பண்டிகை விடுமுறை, கட்டடமே காலி. லேபில் விட்டுவந்த புத்தகத்தை எடுக்கப் போன நான், அறையின் பின்பக்கம் அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தேன். வைஷ்ணவி வந்தாள், என்னைக் கவனிக்காமல் நேராக நாற்காலியில் உட்கார்ந்து கருவிகளை ஓடவிட்டாள். கூப்பிட மனம் வரவில்லை. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலியில் எவ்வளவு சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்க்கப் பார்க்க அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும் போல இருந்தது. அப்போது திரையில் கோடு துள்ள ஆரம்பித்தது.

“ஸ்டெல்லா வர்றா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஸ்டெல்லா நான்தான். நான் அசையவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், மடியில் புத்தகத்தோடு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன், திரையில் என் நடை வராந்தாவைத் தாண்டுகிறது, வாசலைத் தாண்டுகிறது, உள்ளே ஒருவரும் வரவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நடை நின்றது.

“வைஷு, நான் இங்க இருக்கேன்” என்றேன்.

திரும்பிப் பார்த்தவள் அலறிவிட்டாள். “ஏய், வெளாட்டு நக்கோ, வேணாம்! அப்ப இங்க வந்து நிக்கிறது யாரு?”

இருவரும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த நடை திரும்பிப் போகவில்லை. கருவிக் கோளாறு என்றார் புரொபசர், எல்லாவற்றையும் மாற்றியும் பார்த்தார்.

வைஷ்ணவி இப்போது ஜெர்மனியில். நான் நாச்சாரத்தில், நல்ல சம்பளம்தான். போன மாதம் ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன், இந்த வருடம் புரொபசரிடம் அந்த இடம் அவளுக்காம். லேபில் ஒரு வேடிக்கை இருக்கிறது அக்கா என்று தெலுங்கில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், யாரோ காலை இழுத்து நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நிற்பது போலத் திரையில் வருமாம். நாற்காலி காலியாக இருந்தாலும் வருமா என்று கேட்டேன். வராதாம், யாராவது உட்கார்ந்திருந்தால்தான் வருமாம்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்திலேயே வந்து நிற்கிறதே, இன்னும் ஏன் இவளை எழுப்பிவிடவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சில்லிட்டுப் போகிறது.