வஞ்சிர வறுவலுக்கு இரண்டு கேமரா

செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடுப்பவர்களில் இன்னும் தோளில் கேமரா சுமக்கிறவன் நான் ஒருவன்தான். சுமந்து சுமந்து வலது தோள் கொஞ்சம் இறங்கியே போய்விட்டது. தையல்காரர் என்னை மட்டும் இரண்டு தடவை அளவெடுப்பார். அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது, எதிர்க்கடைக்காரன் அந்தச் சின்ன கேமராவை வாங்கும்வரை.

அவனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே தொழில். டிபன் பாக்ஸ் அளவு டிஜிட்டல் கேமரா, விலையும் கைக்கு அடக்கம். அதை வைத்து மதுராந்தகத்து அரிசி மண்டிக்கு விளம்பரம் எடுத்துவிட்டான். உள்ளூர் கேபிள் டிவியில் எந்நேரமும் அதுதான். ஏரிக்கரையில் நெற்கதிர் அசைய, பின்னால் மங்கலாக ஒரு ரயில் போகும்.

"பின்னாடியெல்லாம் மங்கலா கீது. ஃபோகஸே தெரியல அவனுக்கு" என்றேன் மனைவியிடம்.

அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்த அரிசியையே வேக வைத்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரத்தில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு தபா எடுங்க. எதப் பாத்தா பசிக்குதோ, அதான் டிவில வரும்." ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் ஒரு மணி நேரம் எனக்கு, அப்புறம் அவனுக்கு. ஜெயித்தால் நானும் விளம்பரக்காரன். மனதுக்குள் விசிட்டிங் கார்டே அச்சடித்துவிட்டேன்.

இரண்டு பெரிய விளக்குகளை நிறுத்தி, சுவிட்சைப் போட்டேன். கடையே ஸ்தம்பித்தது. கல்யாணப் பந்தியில் வீடியோ விளக்கு வந்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்களோ, அதையேதான் செய்தார்கள். மெல்வதை நிறுத்தினார்கள். பெண்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் துண்டால் வாயை மூடினார். பதற்றத்தில் எனக்கும் பழைய பழக்கம் வந்துவிட்டது.

"அப்டியே இங்க பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்: "மொய் எங்க எழுதணும் அண்ணாத்த?"

ஒரு மணி நேரம் எடுத்தேன். ஒரு கவளம்கூட யார் தொண்டையிலும் இறங்கவில்லை. அவர்களைவிட இலையில் கிடந்த மீன் உயிரோட்டமாக இருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு, கடல் பக்கத்து மூலையில் உட்கார்ந்தேன். "துன்னு நைனா, மூஞ்சி வாடிப்போய் கீது" என்று அக்கா இலை போட்டார். எதிர் மேசையில் அவன் வந்து உட்கார்ந்தான். கேமராவைத் தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எடுக்கலயா?"

"இன்னா அவசரம் மச்சான்? நீ சாப்புடு."

அவனும் தோற்பான் என்ற நிம்மதியில், இருந்த கோபத்தையெல்லாம் வஞ்சிரத்தின்மேல் காட்டினேன்.

மறுநாள் அக்கா இரண்டையும் செல்போனில் காட்டினார். என்னுடையதில் கடை முழுக்கச் சிலைகள். அவனுடையதில் நான். நெற்றியில் வியர்வை, கண் சொருகியிருக்கிறது, கட்டைவிரலை மணிக்கட்டுவரை நக்குகிறேன். பின்னால் கடல், மங்கலாக. பாழாய்ப்போன அந்த மங்கல்தான் என்ன அழகு!

"உன் மூஞ்சி. நீ வேணாம்னா வேணாம் மச்சான்" என்றான் அவன்.

வேண்டாம் என்றால் என் விளம்பரம் டிவியில் வரும். வாயைத் திறந்தேன். அதற்குள் என் வயிறு முந்திக்கொண்டு உறுமியது. காலையில்தான் ஐந்து இட்லி சாப்பிட்டிருந்தேன்.

"போட்டுக்கினு போ" என்றேன்.

இப்போது பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட "வறுவல் எப்டி கீது?" என்கிறார்கள். இருபது வருடமாக ஊரையே படம் பிடித்தவன் நான். என்னை ஒருவன் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அவன்!

முதல் நாள் டிவியில் வந்தபோது மனைவி கடைசிவரை பார்த்தாள்.

"நம்ம வூட்ல என் கொழம்புக்கு ஒரு நாளாவது இந்த மூஞ்சி வந்துக்குதா?"

என் பதிலைக் கேட்க, இந்த முறை சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.